கையால் நிறுப்பவர்

ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தால், சொந்தபந்தம் வந்து சேரும் முன்னரே கீழ்மாடியிலிருந்து அவர் வந்து நிற்பார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கமாட்டார், படியால் ஏறி வருவார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போய், முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். பிறகு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து, "எங்கை, தாங்கோ பாப்பம்" என்பார். பிள்ளை கைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு தரம் மெல்ல உயர்த்தி இறக்குவார். வீட்டில் ஒருவரும் மூச்சுவிடமாட்டார்கள்.

"நாலு கிலோ," என்பார். "சிங்கம்."

நான் அறிய அந்தக் கணக்கு ஒருநாளும் சரிவந்ததில்லை. ஆஸ்பத்திரித் தராசில் மூன்று கிலோ இருநூறு கிராம் இருந்த பிள்ளை அவருடைய கையில் நாலு கிலோவாகும். மூன்றரை கிலோ என்றால் நாலரை. தகப்பன்மார் யாராவது உண்மையான நிறையைச் சொன்னால், "உவங்கள் தராசை எப்ப திருத்தினவங்களோ" என்று ஆஸ்பத்திரிக்காகக் கவலைப்படுவார். தன் கை பாட்ஸ்பியோர்ட்டில் பழகிய கை என்பது அவருடைய வாதம். எண்பதுகளில் நோர்வேயின் அந்த வடகோடிக் கிராமத்துக்கு மீன் வெட்டப் போனவர்களில் அவரும் ஒருவர். பெட்டி பெட்டியாக மீன் தூக்கிய கை பொய் சொல்லாதாம். மீனையும் இப்படித்தான் நிறுத்தார் என்றால் அந்த முதலாளி எப்படிப் பிழைத்தாரோ, எனக்குத் தெரியாது.

பிழையாகச் சொன்னாலும் சனத்துக்கு அவரைப் பிடிக்கும். கூட்டித்தானே சொல்கிறார், குறைத்தா சொல்கிறார். நோர்வேக்காரர் பிள்ளை பிறந்தால் பெயரைச் சொல்ல முன்னரே கிராம் கணக்கைச் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை கொழுகொழு என்று இருக்கவேண்டும், ஆனால் அதை ஒருவரும் வாயால் சொல்லக்கூடாது, நாவூறு பட்டுவிடும். இவரோ நோர்வேக்காரர் மாதிரி உரக்கச் சொல்லிவிட்டு, யாழ்ப்பாணத்தார் மாதிரி இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டுப் போவார். பின்னால் எல்லோரும் அவரைத் ‘தராசு’ என்றுதான் சொல்வோம். அது அவருக்கும் தெரியும். தெரிந்து சந்தோசப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு மாசி மாதம் ஐந்தாம் மாடியில் ஒரு பிள்ளைக்கு "நாலரை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பிள்ளையின் தகப்பனைப் பெற்ற மனுசி அப்போதுதான் ஊரிலிருந்து வந்து நின்றவர். அவருக்கு நெஞ்சு பதறிப்போயிற்று. செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையை மூன்று சுற்றுச் சுற்றி, சட்டியில் போட்டு, அடுப்பை முழுச் சூட்டில் வைத்துவிட்டார். எங்கள் கட்டிடத்தில் மிளகாய் எரித்தால் நாவூறு போகிறதோ இல்லையோ, புகைமணி கட்டாயம் அடிக்கும். ஒரு வீட்டில் அடித்தால் பத்து மாடியிலும் அடிக்கும். சோமாலியாக்காரர், பாகிஸ்தான்காரர், மேல்மாடி நோர்வேக் கிழவர், நாங்கள், எல்லோரும் வீட்டுச் செருப்போடு பனிக்குள் நின்று இருமினோம். தீயணைப்பு வண்டி வந்தது. என்ன எரிந்தது என்று கேட்டவனுக்கு விளக்கம் சொல்ல முன்வந்தவர் இவர்தான். இவருடைய நோர்வேஜிய மொழி பாட்ஸ்பியோர்ட்டில் படித்தது. ‘நான்’ என்பதைக்கூட வடக்கத்தியார் மாதிரித்தான் சொல்வார், ஒஸ்லோக்காரருக்கு அதைக் கேட்டால் தலை சுற்றும்.

"நெருப்பு ஒண்டும் இல்லை," என்றார். "பிள்ளை பாரம் கூட. அதுக்குத்தான் மிளகாய் எரிச்சவை."

தீயணைப்புக்காரன் தலைக்கவசத்தைக் கழற்றினான். பிறகு, எத்தனை கிலோ என்று கேட்டான். நோர்வேக்காரன் அல்லவா. "நாலரை" என்று இவர் மறுபடியும் சொல்ல, அந்த மனுசி பிள்ளையைச் சால்வையால் மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார்.

இந்தக் கிலோப் பைத்தியம் மீனால் வந்தது என்று அவர் சொன்னாலும், முற்றியது மாட்டால்தான். பாட்ஸ்பியோர்ட் குளிர் இடுப்பைப் பிடித்த பிறகு தெற்கே வந்தவர், ஒஸ்லோவுக்கு வடக்கே, பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போகும் தூரத்தில் இருந்த ஒரு மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். பண்ணைக்காரி ஒரு நோர்வே மனுசி, தனி ஆள். அவர் ஓய்வெடுக்கும் நாட்களில் அவருக்குப் பதிலாக இவர் மாடு பார்ப்பார். மாட்டுப் பண்ணை என்று கேள்விப்பட்டதும் கோயில் ஆட்கள் தேடி வந்தார்கள், அபிஷேகத்துக்குக் கறந்த பால் வேண்டுமாம்.

"அது பால்மாடில்லை, இறைச்சிமாடு," என்றார் இவர். "பால் முழுக்கக் கண்டுக்குத்தான்."

வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனார்கள். இத்தனைக்கும் மனுசன் செவ்வாய் வெள்ளியில் மச்சமாமிசம் தொடாதவர், மாட்டிறைச்சியை வாழ்நாளில் வாயில் வைக்காதவர். உங்களுக்கு ஒருமாதிரி இல்லையோ என்று நானே ஒருநாள் கேட்டேன். "நான் பிறப்புப் பகுதி மட்டும்தான், பிள்ளை," என்றார். "மற்றப் பகுதிக்கு வேறை ஆக்கள்."

பிறப்புப் பகுதியில் அவர் ராசாதான். வசந்தகாலம் வந்தால் திங்கட்கிழமைகளில் லிஃப்டில் எங்களுக்குச் செய்தி வாசிப்பார். சனிக்கிழமை நாற்பத்திரண்டு கிலோவில் ஒரு நாம்பன் கன்று, ஞாயிற்றுக்கிழமை முப்பத்தெட்டில் ஒரு பசுக்கன்று. பண்ணைக்காரி கன்றுகளை உண்மையான தராசில் நிறுத்துப் பதிகிறவர் என்பதால் இந்தக் கணக்குகளை நாங்கள் நம்பினோம். முப்பதுக்குக் கீழே பிறந்த கன்றைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார், செத்தவீடு சொல்வதுபோல. அந்தச் சின்னக் கன்றுதான் பத்து நிமிசத்தில் எழும்பி நின்று பால் தேடியது என்பதையும் தானே சொல்வார். சொல்லிவிட்டு, "எண்டாலும் பாரம் காணாது" என்பார்.

இனி என் கதை. நான் பஸ் ஓட்டுகிறவள். ஏறுகிற சனத்துக்கே என் பொறுமை முழுவதும் போய்விடும், வீட்டுக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சாது. என் மகள் இரண்டு கிலோ நானூறு கிராமில் பிறந்தாள். பிரசவம் லேசில்லை. ஆயுதம் போட்டு இழுத்து, எனக்குக் கிழிந்து, தையல் போட்டு, இருந்தால் நோவு, நின்றால் நோவு. வீட்டுக்கு வந்த அடுத்தநாளே இவர் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து நின்றார். பிள்ளையைத் தூக்கினார், கண்ணை மூடினார், உயர்த்தினார், இறக்கினார். திரும்பவும் உயர்த்தினார். அவருடைய அந்தத் தாராளமான கையாலும் என் பிள்ளையை மூன்று கிலோ ஆக்க முடியவில்லை.

"பரவாயில்லைப் பிள்ளை," என்றார். "அடுத்தது பெரிசாப் பிறக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் அப்போது பெருவிரலைப் பிடித்தால் விடாத பிடி, பாலுக்கு அழுதால் கீழ்வீட்டுக்குக் கேட்கும். அதையெல்லாம் ஒருவரும் நிறுக்கவில்லை. நானோ சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, சீனி காணாது என்றார். அதன்பிறகு ஆறு வருசம் லிஃப்டில் அவரைக் கண்டால் போனைப் பார்ப்பேன். அவருக்கு அது விளங்கவேயில்லை. ஏறும்போதெல்லாம், "மகள் இப்ப எத்தினை கிலோ?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

ஆறாம் வருசம் மே பதினேழு. நோர்வேயின் பெரிய கொண்டாட்டம். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஊர்வலத்தில் மகள் கொடியோடு போனாள், நான் காஞ்சிபுரச் சேலை கட்டிக்கொண்டு பின்னால் போனேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து, ஐஸ்கிறீம் அப்பிய மகளின் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. இவர் நின்றார். கோட்டு, கழுத்துப்பட்டி, நெஞ்சில் கொடி நிற நாடா. முகத்தில் மட்டும் கொண்டாட்டம் இல்லை.

"பிள்ளை, உன்ரை காரிலை என்னைப் பண்ணையிலை இறக்கிவிடுவியோ? இண்டைக்கு பஸ்ஸைக் காணேல்லை. பண்ணைக்காரி போன் எடுத்தவ, சிவப்பிக்குக் கண்டு வருகுதில்லையாம்."

சிவப்பி யார் என்று கேட்டுக்கொண்டே, மகளைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, ஏன் கார்த் திறப்பை எடுத்தேன் என்று தெரியவில்லை. கார் வாங்கி மூன்று கிழமை. மின்சாரக் கார், வெள்ளை இருக்கை, மகளை அதற்குள் பிஸ்கட்டோடு ஏற விடமாட்டேன். போகும் வழியில் அவர் சொன்னார். சிவப்பி, தாய் செத்த பிறகு அவரே போத்தலில் பால் கொடுத்து வளர்த்த பசு. இது தலையீற்று. முதல் ஈற்றுக்குப் பண்ணைக்காரி எப்போதும் சின்னக் கன்று தருகிற காளையைத்தான் தெரிந்தெடுப்பார். இவர்தான் விடவில்லை. பிரெஞ்சு இனத்து வெள்ளைக் காளை ஒன்றின் படத்தைக் காட்டி, சிவப்பிக்கு இதுதான் வேண்டும், முதல் கன்று பெரிதாகப் பிறந்தால்தான் வம்சத்துக்கு நல்லது என்று பண்ணைக்காரியை நச்சரித்திருக்கிறார். மனுசி சிரித்துவிட்டு, சரி, உன் மகள்தானே, உன் விருப்பம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

"நான்தான் பெரிசு கேட்டனான்," என்றார். பிறகு பண்ணை வரும்வரை காரின் வேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் போகும்போது மிருக வைத்தியர் வந்துவிட்டார். இளம் பெண், தோள்வரை கையுறை. கன்றின் முன்னங்கால்களில் சங்கிலி போட்டு அவரும் பண்ணைக்காரியும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்ப் பிடித்தார். நான் வாசலில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. என் உடம்பு முழுவதும் தையல் விட்டதுபோல இருந்தது. கடைசியில் கன்று வந்து வைக்கோலில் விழுந்தது. இவ்வளவு பெரிய கன்றை நான் கண்டதில்லை. நாக்கு வீங்கி வெளியே கிடந்தது, தலையைத் தூக்கவேயில்லை. வைத்தியர் அதை நெஞ்சு தரையில் படுகிறமாதிரி நிமிர்த்தி வைத்து, மூக்குக்குள் வைக்கோல் குச்சியை விட்டுக் கிண்டினார். தும்மியது. மூச்சு வந்தது. ஆனால் உடம்பு குளிர்ந்துபோயிருந்தது, விரலை வாய்க்குள் வைத்தால் சூப்பத் தெரியவில்லை. வெளியே மே மாதத்துக்குப் பொருந்தாத ஆலங்கட்டி மழை.

சூடான இடம் வேண்டும் என்றார் வைத்தியர். எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என் காரைப் பார்த்தார்கள்.

"உன்ரை கார் சீற் சூடேறுமெல்லே," என்றார் இவர்.

ஏறும். போனிலிருந்தே ஏற்றலாம். அந்த வசதிக்காகத்தானே வாங்கினது. கன்றை ஒரு தடித்த படங்குத் துணியில் வைத்து மூன்று பேர் தூக்கிவந்து என் வெள்ளை இருக்கையில் கிடத்தினார்கள். தலையை யாராவது உயர்த்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சளி அடைக்குமாம். அந்த யாராவது நான்தான். காஞ்சிபுரத்தை விரித்துக்கொண்டு ஏறியிருந்து அந்தப் பெரிய தலையை மடியில் வாங்கினேன். சேலைக்கு என்ன நடந்தது என்று எழுத விருப்பமில்லை.

பண்ணைக்காரி சிவப்பியிடம் சீம்பால் கறந்து போத்தலில் கொண்டுவந்து தந்தார். வைத்தியர் வந்து கன்றுக்கு நெஞ்சு பார்த்தார். கன்று எப்படி, கன்று குடிக்கிறதா, கன்றுக்குச் சூடு போதுமா. பண்ணைக்காரி நிறை காட்டும் அளவுநாடாவைக்கூட எடுத்துவந்து, கன்றின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, அம்பத்தெட்டு கிலோ என்றார். அந்தப் பண்ணையில் பிறந்ததிலேயே பெரியது. கொட்டில் பக்கம் திரும்பி இவரிடம் கத்திச் சொன்னார். "கேட்டாயா? அம்பத்தெட்டு."

"பாரம் கிடக்கட்டும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இஞ்சை இவள் எழும்புறாள் இல்லை."

காருக்குள்ளிருந்து கொட்டில் வாசல் தெரிந்தது. சிவப்பி பக்கவாட்டில் கிடந்தாள். பெரிய கன்று வரும்போது இடுப்பு நரம்பு நெரிந்துவிட்டதாம். நோவுக்கு ஊசி போட்ட வைத்தியர், இவரைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். இன்றைக்குள் சொந்தக் காலில் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் நாளைக்கு வந்து முடித்துவிட வேண்டியதுதான், வைத்திருந்து வதைக்க முடியாது. சொல்லிவிட்டு அடுத்த பண்ணைக்குப் போய்விட்டார்.

இவர் சிவப்பிக்குப் பக்கத்தில் வைக்கோலில் இருந்தார். பின்னங்கால் இரண்டும் விரிந்துபோகாமல் பட்டியால் கட்டினார். பண்ணைக்காரியைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக அவளை மற்றப் பக்கம் புரட்டினார்கள். கொஞ்சநேரத்தில் திரும்பவும் இந்தப் பக்கம். பிறகு திரும்பவும் அந்தப் பக்கம். பண்ணைக்காரி களைத்துப்போய்க் கன்றைப் பார்க்க வந்தார், இவர் வரவில்லை. வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, கையால் அள்ளி அவளுடைய வாயில் விட்டார். தமிழில் கதைத்துக்கொண்டேயிருந்தார்.

"என்ரை விசரிலை உன்னைக் கிழிச்சுப்போட்டன் மோளே. ஒருக்கா எழும்பு. நிண்டால் காணும். நடக்க வேண்டாம், நிண்டால் காணும்."

நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் என் பிள்ளையைத் தராசில் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் யாழ்ப்பாணம், லண்டன், ரொறொன்ரோ எல்லாம் போய்வந்தது. என்னைத் தையல் போட்ட கட்டிலில் விட்டுவிட்டு எல்லோரும் தராசடியில்தான் நின்றார்கள். அம்மாகூடத் தொலைபேசியில் முதலில் நிறையைத்தான் கேட்டார். ஆறு வருசமாக எனக்குள் கிடந்த கோபம் பிள்ளையின் நிறையைப் பற்றியதில்லை என்று அந்தக் காருக்குள் இருந்துதான் விளங்கியது. என்னோடு ஒருவரும் இப்படி இருக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒரு பசுவிடம்.

பின்னேரம் கன்று திடீரென்று என் விரலைக் கவ்வி இழுத்தது. சூப்பத் தொடங்கியது. போத்தலை வைத்தேன், உறிஞ்சி முடித்துவிட்டு, காணாது என்று ஒரு கத்துக் கத்தியது. கார்க் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குக் கொட்டிலுக்குள் சிவப்பி தலையைத் தூக்கினாள். கன்று இன்னொரு தரம் கத்தியது. அவள் முன்னுக்குச் சாய்ந்து பின்பக்கத்தைத் தூக்கப் பார்த்து விழுந்தாள். இவர் பாய்ந்து வாலின் அடியைப் பிடித்துக்கொண்டார். கழுத்துப்பட்டி காற்றில் ஆட, அறுபது கடந்த மனுசன் ஒரு பசுவின் வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்த்த காட்சியை வேறு யாரும் சொல்லியிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இரண்டாம் தரமும் விழுந்தாள். மூன்றாம் தரம் பின்னங்கால் ஊன்றியது. பிறகு ஒரு முன்னங்கால். பிறகு மற்றது. நடுங்கிக்கொண்டு நின்றாள்.

அவர் அவளுடைய இடுப்பில் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். பண்ணைக்காரியும் நானும் கன்றை இறக்கிக்கொண்டுபோய் அவளுக்கு முன்னால் விட்டோம். அவள் நக்கத் தொடங்கினாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"சீலை பழுதாப் போச்செண்டோ அழுறாய்?" என்றார்.

"இல்லை," என்றேன். "நானும் உப்பிடித்தான் கிடந்தனான், அங்கிள். நீங்கள் வந்து பிள்ளையைத் தூக்கிப் பாத்துப்போட்டு, தேத்தண்ணிக்குச் சீனி காணாதெண்டுட்டுப் போனீங்கள்."

அவர் வாளியில் கையைக் கழுவினார். பண்ணைக்காரி ஒரு பழைய கம்பளியை என் தோளில் போட்டுவிட்டார். காரில் ஏறினோம். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம், ஆலங்கட்டி மழைக்கும் கண்ணாடியைத் திறந்துதான் ஓட்டினேன். பெரிய தெருவுக்கு ஏறிய பிறகு அவர் கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு உனக்கு எழும்பி நடக்க எத்தினை நாள் எடுத்தது?"

ஆறு வருசத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். சொன்னேன். ஆயுதம் போட்டதைச் சொன்னேன், இரத்தம் போனதைச் சொன்னேன், குளியலறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்ததைச் சொன்னேன். என் மனுசனுக்குக்கூடச் சொல்லாததை எல்லாம் சொன்னேன். நடுவில் அவரைத் திட்டவும் திட்டினேன். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

வெஸ்ட்லியில் கட்டிடத்துக்கு முன்னால் காரை நிறுத்தினேன். கொடி பிடித்த பிள்ளைகள் வாசலில் ஓடித் திரிந்தார்கள். அவர் இறங்கவில்லை.

"பிறகு?" என்றார்.